நன்றி முன்னே, அறிதல் பின்னே



‘நன்றி’ என்னும் சொல்லை நாம் இன்று வாயால் கூறும் ஓர் உபசாரச் சொல்லாக மாற்றிவிட்டோம். பழந்தமிழில் அதன் பொருள் வேறு. நன்றி என்றால் நன்மை. ஒருவர் மற்றொருவர்க்குச் செய்த நற்செயலே நன்றி. அதை உள்ளத்தில் உணர்ந்து போற்றுவதே நன்றியறிதல். திருக்குறளில் ‘செய்ந்நன்றியறிதல்’ என்று ஓர் அதிகாரம் இருப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அத்தலைப்பைப் பிரித்துப் பாருங்கள். செய்த நன்றி முதலில் நிற்கிறது. அறிதல் அதன் பின்னே வருகிறது. நன்மை செய்யப்படாத இடத்தில் அறிவதற்கு என்ன இருக்கிறது?

புற்றுநோயோடு வாழும் நம் உறவினரை நினைத்தே இதனைக் கூறுகின்றேன். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்பு, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நம் குடும்பங்கள் சில பிழைப்புத் தேடி இங்கு வந்து தங்கின. கடைத்தெருவில் வணிகம் செய்யும் வடநாட்டுச் சமணக் குடும்பங்களும் உள்ளன. இரு சாராரின் இல்லங்களிலும் இந்நோய் புகுந்திருக்கிறது. நோயாளரைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிச் செல்கிறார்கள். கூடவே மூன்று வாக்கியங்களையும் எடுத்துச் செல்கிறார்கள். “எல்லாம் முன்வினை, அம்மா.” “தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும்.” “இந்த மட்டும் உயிரோடு வைத்திருக்கிறதே, அதற்கே நன்றியோடு இருக்க வேண்டும்.” சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்பவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஏன் அவ்வாறு நேர்கிறது என்பதை அறநூல்களின் துணையோடும் இக்கால மருத்துவ அறிவின் துணையோடும் ஆராய்வோம்.

வினைக்கொள்கை யாருக்கு?

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். துன்பத்தை நுகரச் செய்யும் வினையை அசாதா வேதனீயம் என்று நம் ஆகமம் கூறும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் வினை பயன் தருவதற்குப் பொருள், இடம், காலம் முதலிய நிமித்தங்கள் வேண்டும் என்றும் அதே ஆகமம் கூறுகிறது. புகையிலை, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமாகும் ஒருவகை வைரஸ், கல்லீரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை வைரஸ், பரம்பரைக் கூறு, முதுமை எனப் பல நிமித்தங்களை மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். புலால் உண்ணாது, மது தொடாது, இரவில் உண்ணாது வாழ்ந்தவர்க்கும் இந்நோய் வருகிறது. ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்று அவர் இரவெல்லாம் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டிருக்கையில், நாமும் போய் நீதிபதியின் ஆசனத்தில் அமரலாமா?

வினைக்கொள்கை என்பது ஒவ்வொருவரும் தம் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அதைப் பிறர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது நம் அறமன்று. பிறர் துன்பத்தைக் காணும்போது நமக்கு விதிக்கப்பட்டது கருணை ஒன்றே. நற்காட்சியின் எட்டு உறுப்புகளில், பிறர் குறையைப் பரப்பாமல் மறைத்தலும், தளர்ந்தவரை அறத்தில் நிலைநிறுத்தலும், உடன் அறத்தார் மீது அன்புடைமையும் இடம் பெற்றிருப்பதை எண்ணிப் பாருங்கள். நோயுற்றவரின் வினைக்கணக்கைப் பார்க்கச் சொல்லும் உறுப்பு அந்த எட்டில் ஒன்றும் இல்லை.

சமந்தபத்திரரின் நோய்

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை இயற்றிய ஆசாரியர் சமந்தபத்திரரைப் பற்றி நம் மரபில் வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. துறவு நெறியில் கடுமையாக நின்ற அவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. எவ்வளவு உண்டாலும் எரிந்து சாம்பலாகிவிடும் கொடிய பசிநோய் அது. முனிவர்க்குரிய ஒருவேளை உணவோடு அந்நோயைத் தாங்க இயலவில்லை. எனவே அவர் தம் குருவிடம் சென்று சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு அனுமதி அளிக்கவில்லை. ‘உன்னால் அறத்துக்கு ஆகவேண்டிய காரியம் மிகுதி. முனிவேடத்தைச் சிறிது காலம் விடுத்து, வேண்டிய உணவை உண்டு நோயைத் தீர்த்துக்கொள். பின்பு மீண்டும் தீட்சை பெறலாம்’ என்பதே குருவின் கட்டளையாயிற்று. சமந்தபத்திரர் அவ்வாறே செய்து, நோய் நீங்கி, மீண்டும் துறவு பூண்டார்.

இவ்வரலாற்றிலிருந்து நம் இல்லத்து நோயாளர் பெறும் ஆறுதல் பெரிது. வேதிமருந்துச் சிகிச்சை பெறும் அம்மையார் ஒருவர், இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையோடு ஒரு வாய் உணவு உட்கொள்ள நேர்ந்ததற்காகக் கண்ணீர் விடுகிறார். பருவநாளில் உபவாசம் இருக்க இயலவில்லையே என்று ஏங்குகிறார். மாமுனிவர்க்கே குரு வழிவிட்டார் என்றால், இல்லறத்தார்க்கு வழியில்லாமல் போகுமா? விரதத்தின் எல்லை பற்றி முனிவரிடமோ கற்றறிந்த பெரியோரிடமோ கேட்டுத் தெளிந்து, மருந்தை நேரம் தவறாது உட்கொள்வதே முறை. உடல் விரதத்தைத் தாங்கும் பாத்திரம். பாத்திரம் விரிசல் கண்டிருக்கும்போது அதைச் செப்பனிடுவது குற்றமாகாது.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சல்லேகனைக்குரிய குற்றங்களை எண்ணும்போது, வாழ்வின் மீது அவாவுதலோடு மரணத்தை அவாவுதலையும் நம் நூல்கள் குற்றமாகவே கூறுகின்றன. வலி பொறாமல் ‘போய்விட்டால் போதும்’ என்று கதறுபவர் நோன்பை நாடவில்லை. வலி நீங்குவதை நாடுகிறார். அவர்க்கு நாம் முதலில் அளிக்க வேண்டியது வலி நீக்கம்.

வலி இருக்கும் இடத்தில் தியானம் இல்லை

தீய தியானங்களுள் ஒன்றாகிய ஆர்த்தத் தியானத்தை நால்வகையாகப் பிரித்து, அவற்றுள் வேதனையையே ஓயாது நினைத்திருத்தலை ஒருவகையாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. வலியில் கிடப்பவரிடம் போய், ‘வேதனையை நினைக்காதே, பஞ்ச நமஸ்காரத்தை நினை’ என்று சொல்வது எளிது. பசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர். முதலில் பசி தீர வேண்டும். முதலில் வலி தீர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1986 ஆம் ஆண்டில் புற்றுநோய் வலியைப் படிப்படியாக நீக்கும் மூன்று படி முறையை வகுத்தது. அதன் மேற்படியில் இருப்பது மார்பின். இந்தியாவில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் மருத்துவமனைகளுக்குக் கிடைப்பதே அரிதாயிற்று. 2014 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, நோயாளர்க்கு அது கிடைக்க வழி எளிதாக்கப்பட்டது. சட்டத்தின் தடை தளர்ந்த பின்னும் நம் மனத்தின் தடை தளரவில்லை. ‘அது போதை மருந்து, நாம் தொடலாகாது’ என்றும், ‘அது கொடுத்தால் கதை முடிந்தது’ என்றும் நம்மவர் அஞ்சுகின்றனர். மயக்கத்தை விரும்பி உண்பது வேறு. வலி நீங்கி அறிவு தெளிவதற்காக மருத்துவர் அளந்து தரும் அளவில் உண்பது வேறு. அவ்வாறு உண்பவர் அதற்கு அடிமையாவது அரிது என்று மருத்துவர் கூறுவர். வலி தணிந்தவர் எழுந்து அமர்கிறார். பேரனின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். கைகூப்பிச் சாமாயிகத்தில் ஈடுபடுகிறார்.

வலி என்பதும் உடம்போடு நிற்பதன்று. இங்கிலாந்தில் 1967 ஆம் ஆண்டில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் ‘முழு வலி’ என்று ஒன்றைச் சொன்னார். உடல் வலி, மன வலி, குடும்பம் பணம் பற்றிய வலி, ‘என் வாழ்வுக்கு என்ன பொருள்’ என்னும் ஆன்ம வலி ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளரின் வலி என்பது அவர் கண்ட உண்மை. நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பிய மருத்துவர்கள் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தாள் ஒன்றில் முப்பது வினாக்கள் உள்ளன. நடக்க முடிகிறதா, உறக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, குமட்டுகிறதா, கவலை உண்டா, குடும்ப வாழ்வு தடைப்பட்டதா, பணமுடை ஏற்பட்டதா என்றெல்லாம் அது கேட்கிறது. எத்தனை நாள் வாழ்வார் என்பது ஒரு கணக்கு. அந்நாள்களை எப்படி வாழ்கிறார் என்பது மற்றொரு கணக்கு. நாம் நோயாளரைப் பார்க்கச் செல்கையில் இந்த முப்பதில் ஐந்தையாவது கேட்கிறோமா?

நன்றியுணர்வு எதைத் தரும்? எதைத் தராது?

இனி இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களுக்கு வருவோம். ‘தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும்’ என்பது உண்மையா? தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, மனநிலை நன்றாயிருந்தவர் அதனால் நீண்ட நாள் வாழ்ந்தார் என்று கூற இடமில்லை என்பதே. இது சோர்வு தரும் செய்தியாகத் தோன்றலாம். எனக்கோ இது ஒரு விடுதலைச் செய்தியாகப் படுகிறது. நோய் முற்றியதற்கு ‘நீ தைரியமாக இல்லாததே காரணம்’ என்று யாரும் யாரையும் குற்றம் சாட்ட இனி இடமில்லை. அழுகை வந்தால் அழட்டும்.

அப்படியானால் நன்றியுணர்வால் பயனே இல்லையா? உண்டு. எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் இரு உளவியலறிஞர்கள் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தசையும் நரம்பும் நலிந்த நோயாளர் சிலர், தாம் நன்றியோடு எண்ணும் செய்திகளை 21 நாள்கள் நாள்தோறும் எழுதிவந்தனர். அவர்கள் முன்னினும் நன்றாக உறங்கினர். பிறரோடு தமக்குள்ள பிணைப்பை மிகுதியாக உணர்ந்தனர். உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 54 பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நன்றியுணர்வு மிகுந்தவர், தமக்குத் துணை இருக்கிறது என்பதைச் சில மாதங்களில் இன்னும் வலுவாக உணர்ந்தனர். ஆனால் அப்பயன் எல்லார்க்கும் ஒன்றுபோல் வரவில்லை. தம் உள்ளத்து உணர்ச்சியைத் தயக்கமின்றி வெளிப்படுத்த முடிந்தவர்க்கே அது வாய்த்தது.

இதன் பொருளை நோக்குங்கள். நன்றியுணர்வு நோயைத் தீர்க்கும் மருந்தாகாது. அது மனிதரை மனிதரோடு இணைக்கும் நூல். அழவும் அஞ்சவும் சினக்கவும் இடம் பெற்றவரிடத்தில்தான் அந்நூல் இறுகுகிறது. வாயைப் பொத்தி ‘நன்றியோடிரு’ என்று கட்டளையிடும் வீட்டில் அது அறுந்துபோகிறது. நன்றியை வரியாக வசூலிக்க முடியாது. அது விளைச்சல், நிலத்தைப் பண்படுத்துவதே நம் வேலை.

உத்தாயன மன்னனின் கைகள்

நிலத்தைப் பண்படுத்துவது எப்படி என்பதையும் நம் நூல்களே காட்டுகின்றன. நற்காட்சியின் மூன்றாம் உறுப்பை அருங்கலச்செப்பு உவர்ப்பின்மை என்று கூறும். நோயுற்ற உடலைக் கண்டு அருவருக்காமை என்பது அதன் பொருள். அதற்குச் சான்றாகக் கூறப்படுபவன் உத்தாயன மன்னன். அவனைச் சோதிக்க எண்ணிய தேவன் ஒருவன், உடல் அழுகி நாற்றமெடுத்த முனிவராக வேடம் பூண்டு அவன் அரண்மனைக்கு வந்தான். மன்னனும் அரசியும் உணவு படைத்தனர். முனிவர் உண்ட உணவையெல்லாம் அவர்கள் மீதே வாந்தி எடுத்தார். அரண்மனையில் இருந்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினர். மன்னனோ, ‘நான் படைத்த உணவு ஒவ்வாமல் போயிற்றே’ என்று தன்னையே நொந்துகொண்டு, தன் கைகளால் நீர் எடுத்து முனிவரின் உடலைக் கழுவினான்.

வேதிமருந்து ஏற்றிக்கொண்டு வந்த இரவில் நம் வீடுகளிலும் இதே காட்சிதான். அன்று பாத்திரத்தை ஏந்திப் பிடிக்கும் மகளும் மருமகளும் கணவனும் உத்தாயனனின் வழியில் நிற்பவர்களே. அவர்கள் ஆற்றும் தொண்டுக்கு வையாவிருத்தியம் என்று பெயர். முனிவர்க்கு ஆற்றும் தொண்டாகச் சொல்லப்பட்ட அது அகத்தவம் ஆறனுள் ஒன்று. இல்லறத்தார் அதன் சாயலை நோயாளரின் கட்டிலருகே பயிலலாம். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதே அவற்றின் இயல்பு என்று உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் அருளியதும் இத்தகைய இடத்தில்தான் விளக்கம் பெறுகிறது.

‘ஒன்றுக்கொன்று’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். உதவி ஒருவழிப் பாதையன்று. நோயாளரை ஓயாமல் பெறுபவராகவே வைத்திருந்தால், ‘எல்லார்க்கும் பாரமாகிவிட்டேனே’ என்ற எண்ணமே அவர் உள்ளத்தை அரிக்கும். படுத்திருந்தபடியே பேத்திக்குப் பக்தாமரம் சொல்லித்தரலாம். கீரை ஆய்ந்து தரலாம். வீட்டுக்கணக்கைப் பார்க்கலாம். அவர் செய்ததை நாம் கண்டு, ‘அம்மா, இது உங்களால் ஆயிற்று’ என்று வாயாரச் சொல்ல வேண்டும். நோயாளர் நமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று காத்திராமல், நாம் அவர்க்கு நன்றி சொல்லத் தொடங்கினால் அவர் வாழ்வின் தரம் அன்றே ஒருபடி உயரும்.

நம் எல்லைப்புறத்தில் செய்யத்தக்கவை

1923 ஆம் ஆண்டில் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரை மறக்கவில்லை. 1954 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டில் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார் 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும் வரை அதுவே தம் வாழ்வெனக் கொண்டார். ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே சிகிச்சை என்பது அவர்கள் வகுத்த நெறி. அவர்கள் செய்தது பெரிது. நாம் செய்யக்கூடியது சிறிதாயினும் அது நம் அருகிலேயே இருக்கிறது.

ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். 1973 ஆம் ஆண்டில் தோன்றிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, முன்னாளில் ஓசூர்ச் சாலை என்றே வழங்கிய சாலையில் இருக்கிறது. நம் பகுதி நோயாளர் பலர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி அந்நகருக்குச் செல்கின்றனர். மாநில எல்லையைக் கடந்தவுடன் மொழி மாறுகிறது. காப்பீட்டு அட்டை எங்குச் செல்லும், எங்குச் செல்லாது என்ற குழப்பம் எழுகிறது. நம்மில் கன்னடம் அறிந்த ஓய்வு பெற்றவர் ஒருவர் உடன் சென்று, மருத்துவர் சொன்னதை எழுதி வைத்து, திரும்பி வந்து குடும்பத்தார்க்கு விளக்கினால் அது ஓர் அபயதானம். ஆலைகளில் ஒப்பந்த முறையில் வேலை செய்பவர்க்கு ஒருநாள் விடுப்பென்றால் ஒருநாள் கூலி போயிற்று. அந்நாளில் நோயாளரோடு இருக்க நம்மில் ஒருவர் முன்வரலாம்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்குரிய மருந்துகளை வீடு தேடித் தருவதோடு, படுக்கையில் இருப்பவர்க்கு வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டிலேயே அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தெருவில் இத்தகைய நோயாளர் இருந்தால் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் செய்தி சொல்வதற்குச் செல்வமோ படிப்போ தேவையில்லை. நோய் தீரும் நிலையைக் கடந்தவர்க்குப் பெங்களூர் மாரத்தஹள்ளிப் பகுதியில் கருணாஷ்ரயா என்னும் இல்லம் 1999 ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றிப் பணியாற்றி வருகிறது. அங்குச் சேர்ப்பதைக் கைவிடுதலாக எண்ணிக் கூசுகின்றவர் பலர். வலியோடு வீட்டில் வைத்திருப்பதினும், வலியின்றி ஓரிடத்தில் கைபிடித்து அமர்ந்திருப்பது அன்புக்குக் குறைந்ததன்று.

இறுதியாக, உண்மை பேசுதல். நோயின் பெயரை நோயாளரிடமிருந்தே மறைக்கும் வழக்கம் நம்மிடம் மிகுதி. வீட்டார் அடுக்களையில் கிசுகிசுக்கின்றனர். அவர் உறங்குவதுபோல் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவை, அவர் கேட்கும் பொழுதில், மென்மையாகச் சொல்வதே சத்திய அணுவிரதத்துக்கும் அகிம்சைக்கும் ஒருங்கே பொருந்தும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தனர். நோயாளர் இன்று எதை அறிந்திருக்கிறாரோ அங்கிருந்தே பேச்சைத் தொடங்குக. உண்மை பகிரப்பட்ட வீட்டில் மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் விடைபெறவும் காலம் கிடைக்கிறது.

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை நோயாளர் ஒருவரைக் காணச் செல்கையில் அந்த மூன்று வாக்கியங்களையும் வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள். உள்ளே சென்று, ‘வலி எப்படி இருக்கிறது? நேற்று உறங்கினீர்களா? நான் என்ன செய்யட்டும்?’ என்று கேளுங்கள். பதில் வரும் வரை அமர்ந்திருங்கள். அவர் சினந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்ன வேலையைச் செய்துவிட்டு வாருங்கள். நன்றி நம் கையில் இருக்கிறது. அறிதல் அவர் உள்ளத்தில், அதற்குரிய காலத்தில் மலரும். மலராது போனாலும் நாம் செய்தது அறமே.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க! நோயுற்றோர் துணையின்றி வாடாதிருக்க!

ஜெய் ஜினேந்திர!